படி இறங்கினால் பலம் ஏறும்!

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் எப்படியும் அவர் வந்துவிடுவார். பூங்காவில் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பார். ஒரே இழுப்பில் இடுப்பு வரை கம்பிக்கு மேலே எழும்புவார். அப்புறம் கீழே குதித்து, இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் ஊன்றி, கால் தரையில் படாமல் உடம்பை அப்படியே படுக்கைவசத்தில் நிறுத்துவார். டம்பெல் இல்லை, மெஷின் இல்லை, மாதக் கட்டணம் இல்லை. சொந்த உடம்பின் எடை மட்டும்தான்.

‘அட, நாமும் செய்யலாமே’ என்று ஒரு நிமிடம் தோன்றும். அடுத்த நிமிடமே, ‘எனக்கு நாற்பத்திரண்டு வயசு. இதெல்லாம் காலேஜ் பசங்க சமாச்சாரம்’ என்று விரல் அடுத்த ரீலுக்குப் போய்விடும்.

இரண்டு எண்ணங்களிலும் பாதி உண்மை இருக்கிறது. செய்யலாம் என்பது சரி. அவரைப் போல நாளைக் காலையே செய்துவிடலாம் என்பதுதான் ஆபத்து. நடுவில் இருக்கும் வழியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் குட்டிக்கரணமா?

இல்லை. டி.வி-யில் நாம் பார்க்கும் பல்டிகள் ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பகுதிதான். அந்தப் பல்டிகளைத் தாங்கும் பலம் வேறு சில எளிய வேலைகளிலிருந்து வருகிறது. தொங்குவது, இழுப்பது, தள்ளுவது, கைகளை ஊன்றி உடம்பைத் தாங்குவது, வயிற்றை இறுக்கி உடம்பை ஒரே கட்டையாக வைத்திருப்பது. பெரியவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த அடிப்படை வேலைகளைத்தான்.

நமக்கு இது புதிதும் அல்ல. தண்டால், பஸ்கி இரண்டும் சொந்த எடைப் பயிற்சிகளே. விழுப்புரம் பக்கம் பிள்ளைகள் மரக்கம்பத்திலும் கயிற்றிலும் ஏறிச் செய்யும் மல்லர் கம்பம், ஜிம்னாஸ்டிக்ஸுக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை. ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் என்பவர் 1811-ல் பெர்லின் நகரில், ஹாசன்ஹைடே என்ற இடத்தில் திறந்தவெளிப் பயிற்சி மைதானத்தைத் தொடங்கினார். அங்கிருந்து பரவியதுதான் இன்று நாம் பார்க்கும் பல கம்பிப் பயிற்சிகள். நம் பூங்காக்களில் துணி காயப்போடும் இடம் போலச் சும்மா நிற்கும் இணைக் கம்பிகளும் அந்த வழியில் வந்தவையே.

வயது விஷயத்துக்கு வருவோம். உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிட்டினா 1975-ல் பிறந்தவர். 1992-ல் தொடங்கி எட்டு ஒலிம்பிக்ஸில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர். எட்டாவது, 2021-ல் நடந்த டோக்கியோ போட்டி. அப்போது அவருக்கு 46 வயது. ஜெர்மனியின் யோஹானா குவாஸ் பாட்டி, 2012-ல் 86 வயதில், உலகின் மிக வயதான ஜிம்னாஸ்ட் என்று கின்னஸில் இடம்பிடித்தார்.

ஆனால், இவர்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலேயே இதைக் கற்றவர்கள். அந்த அடித்தளம் நமக்கு இல்லை. அதனால்தான் நமக்குத் தனிப் பாதை வேண்டும்.

எதற்காக இந்தப் பாடு?

ஒரு கேள்வி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்திருக்க முடியுமா?

பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராஹோவின் குழு இதை ஒரு பரிசோதனையாகவே வைத்தது. உட்காருவதற்கு 5 மார்க், எழுவதற்கு 5 மார்க். கையையோ முட்டியையோ ஊன்றினால் ஒவ்வொரு முறைக்கும் 1 மார்க் போகும். தள்ளாடினால் அரை மார்க் போகும். 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரை இப்படிச் சோதித்து, பிறகு சில ஆண்டுகள் கவனித்தார்கள். 2012-ல் வெளியான முடிவின்படி, குறைந்த மார்க் வாங்கியவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. எழ முடியாததுதான் காரணம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பலம், சமநிலை, மூட்டு அசைவு மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்த ஒரு செயல் காட்டிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

முப்பது வயதைத் தாண்டியதும், பயிற்சி இல்லாத உடம்பில் பத்து ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவிகிதம் வரை தசை குறையும் என்பது மருத்துவ உலகில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அறுபதுக்கு மேல் வேகம் இன்னும் கூடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து தேயும். பாத்ரூமில் வழுக்கினால் சுவரைப் பிடித்துச் சமாளிப்பதற்கும், கீழே விழுந்தாலும் யாரையும் கூப்பிடாமல் எழுந்து வருவதற்கும் தேவையான பலத்தை நாற்பதிலேயே சேர்த்து வைக்கலாம். கிட்டத்தட்ட பி.எஃப் மாதிரி.

நடைப்பயிற்சி இதைத் தராதா என்று கேட்கலாம். நடை, இதயத்துக்கு நல்லது. ஆனால், கைகளுக்கும் தோளுக்கும் முதுகுக்கும் அதில் வேலையே இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடை போன்ற பயிற்சிகளோடு, வாரத்தில் குறைந்தது 2 நாள் எல்லா முக்கியத் தசைகளுக்கும் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று சொல்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி வாரத்தில் 3 நாள்.

மூன்றாவது மாத ஆபத்து

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் பலம் மளமளவென்று கூடும். இரண்டு தண்டால் எடுத்தவர் எட்டு எடுப்பார். கண்ணாடி முன்னால் சட்டைக் கையை மடக்கிப் பார்க்கத் தோன்றும். உண்மையில் அதற்குள் தசை பெரிதாக வளர்ந்திருக்காது. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் தசை வளர ஆரம்பிக்கும்.

இந்தக் கதையில் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. பெயர், தசைநாண். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு. இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் நிதானமாகத்தான் உறுதிப்படும். தசைக்கு வாரக் கணக்கு என்றால், தசைநாணுக்கு மாதக் கணக்கு.

விளைவு? மூன்றாவது மாதத்தில் தசை, ‘நான் ரெடி’ என்று சொல்லும். கயிறு இன்னும் தயாராக இருக்காது. அந்த நேரம் பார்த்து நாம் ரீல்ஸ் தம்பி மாதிரி கம்பிக்கு மேலே தாவப் பார்ப்போம். முழங்கையின் உள்பக்கத்திலோ தோளின் முன்பக்கத்திலோ ஒரு வலி பிடிக்கும். அது சட்டென்று போகாது. சட்டையில் கை நுழைக்கும்போது, குக்கர் தூக்கும்போது, பைக் கிளட்ச் பிடிக்கும்போது மாதக்கணக்கில் ஞாபகப்படுத்தும். பலர் பயிற்சியையே விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ‘வயசாயிடுச்சு, நமக்கு ஒத்துக்கலை’ என்று பழி வயதின் மேல் விழும்.

கையை மடக்காமல், முழங்கையை நேராக வைத்து உடம்பைத் தாங்கும் வித்தைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். வளையங்களைப் பிடித்துக் கைகளைச் சிலுவைபோல விரித்து நிற்கும் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். அந்த எடையைத் தாங்கும்போது முழங்கையின் தசைநாண்கள் கடுமையாக இழுபடும். சிறுவயது முதல் வருடக்கணக்கில் பழகியவர்கள் செய்வது அது. நாற்பதில் தொடங்குபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் வீட்டுப் படிக்கட்டே ஜிம்

டம்பெல்லில் 5 கிலோ, 7 கிலோ என்று எடையை மாற்றலாம். சொந்த உடம்பின் எடையை எப்படி மாற்றுவது? உடம்பு நிற்கும் கோணத்தை மாற்றினால் போதும்.

70 கிலோ எடை உள்ளவர் தரையில் தண்டால் எடுக்கும்போது, கைகளின் மேல் விழுவது உடல் எடையில் சுமார் 64 சதவிகிதம். அதாவது கிட்டத்தட்ட 45 கிலோ. முட்டியை ஊன்றி எடுத்தால் 49 சதவிகிதம், 34 கிலோ. கைகளை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55 சதவிகிதம். 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41 சதவிகிதம், வெறும் 29 கிலோ. கைகளைத் தரையில் வைத்து, கால்களை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 74 சதவிகிதம், 52 கிலோ. இவை ஆய்வகத்தில் அளந்து பார்த்த கணக்குகள்.

வீட்டுப் படி ஒன்று சுமார் 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அப்படியானால் நாலாவது படி 60 சென்டிமீட்டர். இரண்டாவது படி 30 சென்டிமீட்டர். புரிந்துவிட்டதா? பாதங்களைக் கீழே சமதளத்தில் வைத்து, கைகளை நாலாவது படியில் ஊன்றித் தொடங்குங்கள். பலம் கூடக் கூட மூன்றாவது, இரண்டாவது, முதல் படி என்று இறங்குங்கள். கடைசியில் தரை. இந்தப் பயிற்சியில் மட்டும், படி இறங்கினால் முன்னேற்றம்!

நாலாவது படியே கஷ்டமாக இருந்தால் சமையல் மேடை. அதுவும் கஷ்டம் என்றால் சுவர். வெட்கமே வேண்டாம். படி ஈரமாக இருக்கக் கூடாது, காலில் சாக்ஸ் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், “என்ன சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா?” என்று இரண்டு பேராவது கேட்பார்கள். “ஆமாம் சார், தொப்பையைத்தான் தொலைக்கலாம்னு பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். தலை முதல் குதிகால் வரை ஒரே நேர்க்கோடு. இடுப்பு தொய்யக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. தள்ளி எழும்போது மூச்சை வெளியே விடுங்கள்.

உயரமானவர்களுக்கு ஓர் ஆறுதல். உங்களுக்குக் கூடுதலாகக் கஷ்டமாக இருந்தால், அது சோம்பேறித்தனம் இல்லை. கையும் காலும் நீளமாக இருந்தால் நெம்புகோலும் நீளம். அதே வித்தைக்கு அதிக பலம் தேவைப்படும். உலகப் புகழ்பெற்ற சிமோன் பைல்ஸின் உயரம் 142 சென்டிமீட்டர்தான்.

தொங்குவது ஒரு கலை

பூங்காக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். முதல் மாதம் பாதங்கள் தரையில் பட்டபடியே இருக்கட்டும். பாதி எடை கைக்கு, பாதி எடை காலுக்கு. 10 விநாடியில் தொடங்கி 30 விநாடி வரை வாருங்கள். பிறகு காலை எடுத்துவிட்டுத் தொங்குங்கள். தோள் காது வரை ஏறிவிடாமல், கழுத்து நீளுமாறு தோளைக் கொஞ்சம் கீழே இழுத்து வையுங்கள்.

இடுப்பு உயரக் கம்பி கிடைத்தால், அதன் அடியில் சாய்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, மார்பைக் கம்பிக்கு இழுங்கள். இது தண்டாலுக்கு நேர் எதிர் வேலை. செல்போனைப் பார்த்துப் பார்த்து முன்னால் வளைந்த தோள்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

முழுதாக மேலே இழுத்து எழ முடியாதவர்கள், உறுதியான திட்டின் மேல் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும் நிலையில் தொடங்கி, 5 விநாடி எடுத்து மெதுவாக இறங்கலாம். எடையைத் தூக்குவதைவிட இறக்கும்போது தசையால் அதிகம் தாங்க முடியும். அந்தச் சக்தியைப் பயன்படுத்தும் தந்திரம் இது. ஆனால், இது மூன்று நான்கு மாதம் பழகியவர்களுக்கு. ஒரு நாளைக்கு மூன்று முறை போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபேன் கொக்கி, கதவு நிலை, ஜன்னல் கம்பி ஆகியவற்றில் தொங்காதீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியை எந்தப் பயிற்சிக்கும் பயன்படுத்தாதீர்கள். கால் விரிந்து உடையும்.

வயிறு, கால், மணிக்கட்டு

ஜிம்னாஸ்டிக்ஸில் வயிற்றுக்கான முதல் பாடம், மல்லாக்கப் படுப்பது. சிரிக்காதீர்கள். படுத்து, கீழ்முதுகுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை வயிற்றை இறுக்கி மூடுங்கள். முட்டியை மடக்கி மார்புக்குமேல் வையுங்கள். தலையையும் தோளையும் லேசாகத் தூக்குங்கள். 15 விநாடி. முதுகு தரையை விட்டு எழாமல் இருக்கும்வரைதான் கணக்கு. பழகப் பழகக் காலை ஒவ்வொன்றாக நீட்டலாம். இங்கேயும் அதே நெம்புகோல்தான். கால் நீள நீள, வயிற்றுக்குச் சுமை கூடும்.

காலுக்கு, கனமான மர நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள். அடுத்தது அதைவிடத் தாழ்வான மோடா. பிறகு பஸ்கி. கடைசியில் தரையில் உட்கார்ந்து எழுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மணிக்கட்டு. நாள் முழுக்க கீபோர்டிலும் போனிலும் இருக்கும் கை, திடீரென்று 45 கிலோவைத் தாங்காது. குழந்தை தவழும் நிலையில், உள்ளங்கையைத் தரையில் வைத்து, உடம்பை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். விரல்கள் முன்னால் பார்த்தபடி 10 முறை, பக்கவாட்டில் பார்த்தபடி 10 முறை. இந்த இரண்டு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டுத் தண்டாலுக்குப் போகவே கூடாது.

வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம்

திங்கள், புதன், வெள்ளி. அல்லது செவ்வாய், வியாழன், சனி. நடுவில் ஒரு நாள் ஓய்வு கட்டாயம். தள்ளுவது, இழுப்பது, வயிறு, கால் என்று நாலு வேலை. ஒவ்வொன்றும் மூன்று சுற்று. ஒரு சுற்றில் 5 முதல் 8 முறை. ‘இன்னும் இரண்டு எடுக்கலாம்’ என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். கை நடுங்கும்வரை செய்வது வீரம் இல்லை.

எப்போது அடுத்த படிக்கு இறங்கலாம்? மூன்று சுற்றும் தலா 10 முறை, நேர்க்கோடு குலையாமல் வர வேண்டும். அதற்குப் பிறகும் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் இருங்கள். இந்த இரண்டு வாரம் தசைக்குத் தேவையில்லை. தசைநாணுக்காக நாம் காத்திருக்கும் நேரம் அது. இந்தக் காத்திருப்புதான் பெரியவர்கள் கற்க வேண்டிய முக்கிய வித்தை.

வலியைப் பிரித்துப் பார்க்கவும் பழகுங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தசையின் நடுப்பகுதியில் பரவலாகத் தெரியும் வலி இயல்பானது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டின் அருகே ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய கூர்மையான வலி வேறு. அது வந்தால் இரண்டு படி மேலே ஏறிவிடுங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பு, எலும்புத் தேய்வு உள்ளவர்கள், மூட்டு மாற்று அறுவைசிகிச்சை செய்தவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தரையிலிருந்து கை ஊன்றாமல் எழும் பரிசோதனையையும் இவர்கள் தனியாக முயல வேண்டாம். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்களும் தலைகீழாக நிற்கும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும்.

சாப்பாட்டையும் கவனியுங்கள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான். மூன்று இட்லியும் சட்னியும் மட்டும் சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். சுண்டல், பருப்பு, தயிர், மீன் என்று எது பிடிக்குமோ, ஒவ்வொரு வேளையும் தட்டில் ஒன்று இருக்கட்டும்.

நாலாவது படியிலிருந்து தரைக்கு வர சிலருக்கு நாலு மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம் ஆகும். ரீல்ஸில் இருக்கும் தம்பிக்கு முப்பது விநாடிதான் ஆனதுபோலத் தெரியும். அவர் பழகிய வருடங்கள் அந்த வீடியோவில் இல்லை. இன்று சாயங்காலம் படிக்கட்டுப் பக்கம் போனால், செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, நாலாவது படியில் கையை வைத்துப் பாருங்கள். வாசலில் நின்று, “என்னங்க, அங்க என்ன பண்றீங்க?” என்று கேட்பவரையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். படியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கும்.